நன்றியுரையில் ஒரு கணவர்

நகரத்துக்குள் இருக்கிற பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், அங்கே படித்துப் பெயர் வாங்கியவர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. போன மாதம் என் மகள் அதைக் கைப்பேசியில் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். வரிசையாகப் படங்கள். விஞ்ஞானிகள், நீதிபதிகள், அமைச்சர்கள், மொழியறிஞர்கள். பாதிப் பேர் கோட்டு போட்டிருந்தார்கள், மீதிப் பேர் சால்வை போர்த்தியிருந்தார்கள். தமிழ்ப் பகுதிக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதில் நாலு பேர் எனக்குத் தெரிந்த முகம். அந்த நாலு பேரையும் தான் ஈன்றெடுத்ததாகப் பல்கலைக்கழகம் எழுதிவைத்திருக்கிறது. ஈன்றது இருக்கட்டும், நாலு பேருக்கும் வலி வந்தது என் கடையில்தான்.

என் கடை மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. டி.டி.பி., ஜெராக்ஸ், பைண்டிங் என்று போர்டு தொங்கும். நான் படித்தது ப்ளஸ் டூ. பம்மலில் பிறந்து, தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்து, இருபத்தேழு வருஷமாக முனைவர் பட்ட ஆய்வேடுகளை அடித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை முனைவர்கள் என்று எண்ணியதில்லை. தாம்பரம் ரயிலடியில் நின்று 'முனைவரே' என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்புவார்கள், அதில் ஒருவர் என் வாடிக்கையாளராக இருப்பார்.

அந்த நாலு பேரில் ஒருவர் பிறகு துணைவேந்தரானார். அவர் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். அவருடைய இரண்டாம் இயலை அடித்து முடிப்பதற்குள் பல்லாவரம் முதல் படப்பை வரை அந்த வருஷம் யார் வீட்டில் விசேஷம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓர் அம்மா வெளிநாட்டில் தமிழ் கற்பிக்கிறார். அவர் எனக்கு நேராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் அடிக்க அடிக்க வாய்க்குள் படிப்பார். என் விரல் நின்றால் அவர் மூச்சும் நிற்கும். மூன்றாமவர் இப்போது தினமும் டிவி விவாதத்தில் வருகிறார். அவர் நூலகத்திலிருந்து மூன்று பழைய ஆய்வேடுகளைக் கட்டி எடுத்துவந்து, பென்சிலால் 'இங்கிருந்து இதுவரை' என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, 'எப்ப ரெடி?' என்று கேட்டவர். நான் அடித்துக் கொடுத்தேன். என் வேலை அடிப்பது. நாலாமவரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வாடிக்கையாளர் பேராசிரியரா, பியூனா என்றெல்லாம் பார்க்கத் தெரியாது. அடித்து முடித்த பக்கத்தில் மறுபடி மறுபடி திருத்தம் போட்டால் திட்டிவிடுவேன். திட்டிவிட்டுத் திருத்தியும் கொடுப்பேன். என் கடையிலிருந்து பிழையோடு ஓர் ஆய்வேடு போனதில்லை என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டாத குறையாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பீற்றலுக்கு ஒரு டீச்சர் மூலமாக வந்தது வினை.

டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. முடிச்சூர்க்காரர். அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முதலில் எடுத்த தலைப்பு பக்தி இலக்கியம். பெருவெள்ளத்தில் முடிச்சூரே மிதந்தபோது அவர்கள் வீட்டுக் கீழ்த்தளமும் முழுகியது. தண்ணீர் வடிந்ததும் அவர் தன் நெறியாளரிடம் போய், இவ்வளவு தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் தன்னால் வேறு எதையும் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். தலைப்பு மாறியது. தாம்பரத்தைச் சுற்றியிருக்கிற ஏரி, மதகு, வாய்க்கால்களுக்கு மக்கள் வைத்த பெயர்கள். இரண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போனது.

அண்ணன் கெட்டவரில்லை. நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷர், தங்கைக்கு ஜுரம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவள் வாழ்க்கையைப் புத்தகம் தின்றுவிட்டது என்பது அவர் கட்சி. 'இன்னாத்துக்கு இந்த வாய்க்கா ஆராய்ச்சி, ஒரு நல்ல எடம் வந்துச்சு, வுட்டுட்ட' என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வாராம்.

கொடுக்கப்பட்ட நீட்டிப்பும் முடிகிற கடைசி நாளில்தான் டீச்சர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அன்று மதியம் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிற நானூறு பக்கமும் தயார். முன்பக்கங்கள் மட்டும் பாக்கி. தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்று, உறுதிமொழி, நன்றியுரை. இவற்றை எந்த டி.டி.பி. கடையிலும் புதிதாக அடிக்க மாட்டார்கள். கடைசியாகப் போன ஆளின் ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, பெயர்களை மட்டும் மாற்றுவோம். நன்றியுரை எல்லாருக்கும் ஒரே படிக்கட்டுதான்: நெறியாளர், துறைத் தலைவர், பேராசிரியர்கள், பெற்றோர், குடும்பம், நண்பர்கள், கடைசிப் படியில் தட்டச்சு செய்தவர். டீச்சர் அரைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, நெறியாளரின் கையெழுத்து வாங்க ரயிலைப் பிடிக்க அவசரப்பட்டுக்கொண்டு நின்றார். நான் வேக வேகமாக மாற்றினேன், அச்செடுத்தேன், பைண்டிங்குக்கு அனுப்பினேன். உள்ளே ஒவ்வொரு வரியையும் பத்து தடவை பார்த்த டீச்சர், நன்றியுரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணி. டீச்சர் கடைக்கு வந்து சந்திரகலா ஸ்வீட் டப்பா கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார்.

"அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். பொதுமக்கள் கேள்வி நீங்கதான் கேக்கறீங்க."

இது இங்கே ஒரு வழக்கம். வாய்மொழித் தேர்வு எல்லாருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்க மாட்டார்கள். அரங்கம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதைக் குறைவு என்பதால், தேர்வுக்கு நிற்கிறவரே தனக்கு வேண்டிய இரண்டு பேரிடம் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவைப்பார். என் சீட்டில் 'தங்கள் ஆய்வின் சமூகப் பயன் யாது?' என்று இருந்தது. எல்லாச் சீட்டிலும் அதுதான் இருக்கும். இருபத்தேழு வருஷத்தில் என்னை இப்படி யாரும் அழைத்ததில்லை. ஆய்வேடு வேண்டும், அடித்தவள் வேண்டாம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, வெளியே காட்டிக்கொள்ளாமல், ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன்.

வியாழக்கிழமை வேறொரு ஆய்வாளரின் முன்பக்கங்களைச் செய்ய உட்கார்ந்தேன். அவர் ஒரு பாதிரியார். வழக்கம்போலக் கடைசியாகப் போன ஃபைலைத் திறந்தேன். நன்றியுரையில் பெற்றோரைத் தாண்டி வந்தால், 'இல்லறத் துணையாக நின்று என் ஆய்வுக்குத் தோள் கொடுத்த அன்புக் கணவருக்கும், என் கண்மணிகள் இருவருக்கும்' என்று ஒரு பத்தி. பாதிரியாருக்குக் கணவரா என்று வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அது யாருடைய ஃபைல் என்று மேலே பார்த்தேன். டீச்சருடையது. அதற்கப்புறம் கடைக்கு வேறு ஆய்வேடு எதுவும் வந்திருக்கவில்லை.

டீச்சருக்கு முன்னால் பட்டம் வாங்கிய ஓர் அம்மாவின் கணவரும் பிள்ளைகளும் அப்படியே டீச்சரின் ஆய்வேட்டில் குடியேறி, ஆறு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறார்கள். பிரதிகள் தேர்வாளர்களிடம் போய்விட்டன. துறையில் ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். வாய்மொழித் தேர்வன்று அது மேசை மேல் வைக்கப்படும், வருகிறவர்கள் எல்லாரும் முதலில் புரட்டுவது நன்றியுரையைத்தான், தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க.

கடையைப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து முடிச்சூர் போனேன். டீச்சர் மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் அச்செடுத்துக் கொண்டுபோன பக்கத்தை நீட்டினேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனால், சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"பசங்க என்ன படிக்கிறாங்கக்கா?" என்றார்.

"பெரியவன் பத்தாவது. சின்னது ஏழாவது," என்றேன். அந்த அம்மா வீட்டுப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மறுபடி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. முகம் மாறிவிட்டது.

"அக்கா, வர்ற எக்ஸாமினர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். நன்றியே இன்னொருத்தரோடதுன்னா, உள்ள இருக்கறது மட்டும் எப்படி என்னோடதுன்னு நம்புவாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மானம் போவதைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இது ஒன்பது வருஷம் போகிற விஷயம். காப்பியைக் கண்டுபிடிக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு, சான்றிதழ்கூடக் கொடுக்கும். ஆனால் தமிழில் பழைய ஆய்வேடுகள் பாதி கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை, அது எதோடு ஒப்பிட்டுச் சொல்லும்? அந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு என்று தேர்வாளர்களுக்கும் தெரியும்.

"துறையில இருக்கற காப்பிய நான் பாத்துக்கறேன்," என்றேன். "பைண்டர என்கூட கூட்டிக்கினு போறேன். பக்கத்த மட்டும் உருவிட்டு வேற வெச்சு ஒட்டிடுவாரு, தெரியவே தெரியாது."

"வேணாங்க்கா. நான் பசங்கள காப்பி அடிக்காதன்னு சொல்றவ. திருட்டுத்தனமா ஒரு பக்கத்த மாத்த மாட்டேன்."

எழுந்து போய் நெறியாளருக்குப் போன் போட்டார். நெறியாளர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாராம்: 'நீங்களா வாயக் குடுக்காதீங்க. அவர் அதையெல்லாம் படிச்சிருக்க மாட்டார்.' ஆய்வு உலகத்தில் நெறியாளர் சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. டீச்சர் போனை வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போடப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

திங்கட்கிழமை அண்ணன் வேன் ஏற்பாடு செய்திருந்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், பக்கத்து வீட்டார், சமோசா டப்பாக்கள், காப்பிக் கேன், சால்வைப் பை எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாண வேன் மாதிரி கிளம்பியது. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாரிடமும், 'நம்ம பொண்ணு டாக்டர் ஆவுது, ஊசி போடாத டாக்டர்' என்று சிரித்துக்கொண்டே வந்தார். டீச்சர் அரக்குப் பட்டுப் புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் நெறியாளர், புறத்தேர்வாளர், துறைத் தலைவர். துறைத் தலைவர்தான் நான் முன்னே சொன்ன நாலாமவர், இணையதளத்தில் சால்வையோடு இருப்பவர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். புறத்தேர்வாளர் தென்மாவட்டத்திலிருந்து வந்திருந்தார், ஒல்லியான மனிதர். அவர் கையிலிருந்த ஆய்வேட்டில் அடையாளத்துக்காக ஓரமெல்லாம் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தது. மனுஷர் முழுதும் படித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் முன்னால், அட்டையை ஒட்டினாற்போல ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் நன்றாகப் பேசினார். வரைபடத்தைத் திரையில் போட்டு, ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் எப்படிப் போனது, ஒவ்வொரு மதகுக்கும் ஏன் அந்தப் பெயர் என்று சொன்னார். புறத்தேர்வாளர் விடாமல் கேட்டார். டீச்சரும் விடவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வண்ணச் சீட்டாக எடுத்தவர் கடைசியில் மஞ்சளுக்கு வந்தார்.

"ஒரு சின்ன விஷயம். தலைப்புப் பக்கத்தில் 'செல்வி' என்று போட்டிருக்கிறீர்கள். நன்றியுரையில் கணவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். இதில் நான் எதை எடுத்துக்கொள்வது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அது என் பிழை. நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்," என்றார். டி.டி.பி. கடை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பிழை என்றால் எழுத்து மாறும், ஒரு சொல் விட்டுப்போகும். இது இன்னொருவர் குடும்பம் அல்லவா? நன்றியே இரவல் என்றால் உள்ளே இருப்பது யாருடையது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். டீச்சர் ஒன்பது வருஷத்தை எந்த வாக்கியத்தில் சொல்வது என்று தேடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நெறியாளர் பேச்சை எப்படியாவது திருப்ப வேண்டுமென்று, "பொதுமக்கள் தரப்பிலிருந்து கேள்வி இருந்தால் கேட்கலாம். கடைசி வரிசையில் ஒரு அம்மா கேள்வி வைத்திருக்கிறார்," என்று என்னைக் கைகாட்டினார்.

எழுந்தேன். சமூகப் பயன் யாது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"சார், எங்கிட்ட கேள்வி இல்ல. பதில்தான் கீது," என்றேன். மைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "இத அடிச்சது நான். தாம்பரத்துல டி.டி.பி. கடை வெச்சிருக்கேன். அந்தப் புருஷனும் புள்ளைங்களும் இவங்களுக்கு முன்னாடி வந்த கஸ்டமரோடது. ஃபைல மாத்தும்போது எடுக்காம வுட்டது நான். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எங்கிட்ட அவங்க குடுத்த அரைத்தாளு இன்னும் கடையில கீது, அதுல புருஷனே இல்ல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். புறத்தேர்வாளர் சிரிக்கவில்லை.

"நன்றியுரைக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள், அம்மா. என் கேள்வி உள்ளே இருப்பதைப் பற்றி."

"அதுக்குத்தான் வர்றேன் சார். காப்பி அடிக்கிறவங்க திருத்த மாட்டாங்க. கொண்டாந்து குடுப்பாங்க, எப்ப ரெடின்னு கேப்பாங்க, அவ்ளோதான். அது அவங்க எழுதினதா என்ன, தப்பா ரைட்டான்னு பாக்கறதுக்கு? சொந்தமா எழுதறவங்கதான் உசுர வாங்குவாங்க. இவங்க மூணாவது இயல ஒம்போது தடவ திருப்பி அடிக்க வெச்சாங்க. பிரிண்ட் எடுத்து அடுக்கி வெச்சத திரும்பப் பிரிக்க வெச்சாங்க, ஒரே ஒரு வாய்க்கா பேருக்காவ. அன்னிக்கு நான் திட்டுன திட்டு இங்க சொல்ல முடியாது சார். ஒண்ணும் பேசாம நின்னுட்டு, பேர மாத்திட்டுத்தான் போனாங்க. இருபத்தேழு வருஷமா அடிக்கிறேன். எது எழுதினது, எது ஒட்டினதுன்னு எனக்குத் தெரியும். யாரு யாரு ஒட்டினாங்கன்னும் தெரியும்."

மேடையில் துறைத் தலைவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து அதிலிருந்த லேபிளை வெகு கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். முன்வரிசைப் பேராசிரியர் ஒருவருக்குத் திடீரென்று போன் பார்க்க வேண்டியிருந்தது.

புறத்தேர்வாளரின் உதட்டோரம் அசைந்தது. "அந்தப் பட்டியல் இன்றைக்கு வேண்டாம், அம்மா," என்றார். "ஒன்பது தடவை என்ன திருத்தினார்? அதை மட்டும் சொல்லுங்கள்."

அதற்கு நான் யோசிக்கவே தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் சபித்துக்கொண்டே அடித்தது.

"மொதல்ல சர்வே ரெக்கார்டுல இருக்கற பேரப் போட்டாங்க. அப்பறம் அங்க மாடு மேச்ச ஒரு ஆளு வேற பேரு சொன்னாருன்னு மாத்தினாங்க. அப்பறம் ரெண்டு பேரையும் போட்டு, இது இப்படியும் சொல்லப்படும்னு எழுதினாங்க. அதுவும் தப்புன்னு வந்தாங்க. இன்னாடான்னா, அது ஒரு வாய்க்காலே இல்ல, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வாய்க்கா. ஒண்ணு இப்பவும் ஓடுது. இன்னொண்ணு மேல மண்ணக் கொட்டி வூடு கட்டிட்டாங்க. அத எந்தெந்தத் தெரு வழியா போச்சுன்னு நடந்து நடந்து பாத்துட்டு வந்து, நாலு தடவ வரைபடத்த மாத்தினாங்க. அதுல ரெண்டு தடவ நான் காசே வாங்கல சார், அவங்க கால்ல செருப்பு பிஞ்சிருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். புறத்தேர்வாளர் ஆய்வேட்டைத் திறந்து மூன்றாவது இயலின் வரைபடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மஞ்சள் சீட்டை உரித்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நெறியாளரோடு தலை சாய்த்துப் பேசினார். எழுந்து நின்று, இந்த ஆய்வேட்டை முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகவும், ஒரே ஒரு திருத்தம் செய்ய வேண்டும் என்றும் அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. திருத்தத்தை நெறியாளர் குறிப்பேட்டில் எழுதியதை நான் பிறகு பார்த்தேன்: 'நன்றியுரையிலிருந்து கணவர் மற்றும் இரு குழந்தைகளை நீக்குக.' டீச்சர் என் காதருகே வந்து, "ஒரே நாள்ல குடும்பமே போச்சுக்கா," என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவது எனக்குப் பிடிக்காது, அதனால் சமோசாவை யார் இப்படி ஆறவிட்டது என்று அங்கே நின்றிருந்தவரிடம் சண்டை போட்டேன்.

சால்வைகள் போர்த்தி முடிந்தன. படங்கள் எடுத்து முடிந்தது. வேன்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார். ஆசிரியர்கள் இறங்கத் தொடங்கினார்கள். அண்ணனைக் காணவில்லை. தேடிக்கொண்டு அரங்கத்துக்குள் போனோம். காலி நாற்காலிகளுக்கு நடுவில், முன்வரிசையில், மேசை மேலிருந்த பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது இயலின் வரைபடம். விரல் ஒரு கோட்டின் மேல் நின்றிருந்தது.

"இது இன்னா கோடு?" என்றார், நிமிராமல்.

"அக்கா சொன்ன ரெண்டாவது வாய்க்கால்ணா," என்றார் டீச்சர்.

"இது மேல போட்டுக்கீற புள்ளி?"

"நம்ம வூடு."

அண்ணன் அந்தப் புள்ளியை விரலால் தடவினார். அதிகாரிகள் ஏரியைச் சொல்லாமல் திறந்துவிட்டதால்தான் வீடு முழுகியது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"எத்தினி வருசமா தெரியும் ஒனக்கு?"

"அஞ்சு வருஷமா. மூணு நாலு தடவ சொல்ல வந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ள பேச்ச எடுத்துட்ட."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. பெரிய தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தார். பக்கத்து நாற்காலியில் கிடந்த சால்வைகளை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"உக்காரு. நான் படிச்சா எனக்குப் புரியாது. மொதப் பக்கத்துலேர்ந்து நீயே சொல்லு."

ஹாரன் மறுபடியும் கேட்டது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் படியிறங்கிப் போய், டாக்டரம்மாவுக்கு இன்னொரு தேர்வு நடக்கிறது, முடிய நேரமாகும் என்று வேன்காரரிடம் சொல்லி, இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.